மெழுகுக் கட்டுப் போட்ட குஞ்சு

“உடம்பு அனலாக் கொதிக்குதுங்க.”

“மாத்திரை போட்டுக்கோ. வேலை பாக்கறதே மருந்துக் கடையில. என்கிட்ட வந்து சொன்னா நான் என்ன பண்ணப் போறேன்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். சும்மாதான் சொன்னேன்.”

“சும்மா சொல்றதுக்கு இதான் நேரமா? மெழுகு ஆறிடும், கொஞ்சம் தள்ளி நில்லு.”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. பேச்சு என்று சொல்வதே அதிகம். அவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது மாத்திரை இல்லை. அந்த மனிதர் எழுந்து வந்து, நெற்றியில் புறங்கையை வைத்து, “அட, ஆமா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் காய்ச்சலோடு பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டிருப்பாள். அதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சம் போன பிறகு ரோஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ரோஷம் அவளோடு கூடவே குடித்தனம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, அவளை வளர்த்துக் கட்டிக் கொடுத்து, இப்போது தலையும் நரைத்துவிட்டது.

அந்தப் பழைய பேச்சு இன்றைக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு கோழிக்குஞ்சு.

சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து திரும்பியவள், செருப்பைக் கழற்றும்போதே அந்தக் குரலைக் கேட்டாள். “என்ன கண்ணு? குளிருதா கண்ணு?” வீட்டில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதில்லை. பெற்ற பெண்ணைக்கூட அவர் ‘ஏம்மா’ என்பதோடு நிறுத்திக்கொண்டவர்.

எட்டிப் பார்த்தால், அவரேதான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கை அளவுகூட இல்லாத மஞ்சள் குஞ்சு ஒன்றைக் கன்னத்தோடு அணைத்து வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் பல்லுக்காரர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து இவர் பல் செட் செய்து கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரெல்லாம் பலகை அடித்து, யார் யாருடையவோ தாடைகளை வெள்ளைப் பொம்மைகளாக அடுக்கி வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேருடைய வாய் இந்த வீட்டில் இருக்கிறது, வீட்டுக்காரருடைய வாயைத்தான் காணோம் என்று அவள் மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்து முடித்த பிறகு வாயில் கசப்புத் தட்டும்.

“இது ஏது?”

“குப்பையில கிடந்தது. மாடி வீட்டம்மா போட்டிருக்கு.” அவர் குரலில் அப்படி ஒரு கோபம். “தாய்க்கோழி மிதிச்சுத் தள்ளுதாம். கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போவுது, நிக்க முடியல. அதுக்காக உசிரோட குப்பையில போடறதா? மனுஷங்களா இவங்க?”

மாடி வீட்டம்மா மொட்டை மாடியில் நாலைந்து கோழி வளர்ப்பவள். இவர் உடைந்த அச்சுகளைக் கொட்டப் போன இடத்தில், தொட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டிருக்கிறது. அவர் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். அச்சு வார்க்கிற மாவுத் தூசியைத் தவிர வேறு எந்த அழுக்கும் கையில் படக் கூடாது என்பவர்.

அவள் கைப்பையை மாட்டிவிட்டு அங்கேயே நின்றாள். அன்று அவளுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

“வர்ற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.”

கழுத்தில் இருந்த கட்டியைப் பற்றி அவருக்குத் தெரியும். குரல்வளைக்குப் பக்கத்தில், விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும் கட்டி. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரல் நரம்பை ஒட்டி இருப்பதால், சிலருக்குப் பிறகு குரல் கம்மிவிடுவதும் உண்டு என்றார்.

“வியாழனா?” என்றார் அவர், குஞ்சின் காலை விரலால் நீவிக்கொண்டே. “கூட யார் இருப்பா?”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு இடம் விட்டுப் பார்த்தாள். அவர் அந்த இடத்தில் வந்து உட்காரட்டும் என்று, பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல. அவர் குஞ்சின் காலைத்தான் நீவிக்கொண்டிருந்தார்.

“கடையில வேலை பாக்கற பொண்ணு வரேங்குது,” என்றாள் கடைசியில்.

“அது நல்ல பொண்ணாச்சே! அப்ப சரி.” அவர் விட்ட பெருமூச்சு அவள் காதில் விழுந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாடை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவர் வெகுகாலமாகச் சொல்லிவரும் விஷயம். பெண் பிறந்தபோது, சுடுதண்ணீர் பிளாஸ்க்கை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனவர். பித்தப்பையில் கல் எடுத்தபோதும் கேட் வரைக்கும் வந்தார். “வாடை பட்டா தலை சுத்தி விழுந்துடுவேன். அப்புறம் என்னையும் சேத்து நீதான் பாக்கணும்,” என்றார். அவளும் சிரித்துவிட்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் குஞ்சுக்கு ஒரு வீடு தயாராகிவிட்டது. அட்டைப் பெட்டி, அடியில் அவளுடைய பழைய பருத்திப் புடவையின் துண்டு, மேலே வளைத்துவிட்ட மேஜை விளக்கு. பாட்டில் மூடியில் தண்ணீர். குஞ்சு தவறி விழுந்து மூழ்காமல் இருக்க அதற்குள் சின்னச் சின்னக் கற்கள். தீனியைச் சின்ன உரலில் மாவாக இடித்து வைத்தார். எல்லாவற்றையும்விட, அந்தக் கால். பல் செட்டுக்கு அளவு பார்க்கும் இளஞ்சிவப்பு மெழுகை ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கி, நடுவில் துணி நூல் வைத்து, இரண்டு கால்களும் விரிந்து போகாதபடி ஒரு கட்டுப் போட்டிருந்தார். அளவு பிசகாத வேலை. குஞ்சு தள்ளாடித் தள்ளாடி எழுந்து, இரண்டு நொடி நின்று, முகம் குப்புற விழுந்தது.

“பாத்தியா? நின்னுச்சு! நின்னுச்சு பாத்தியா?”

“பாத்தேன்,” என்றாள். “சாப்பாடு ஆறுது.”

மறுநாள் மாடி வீட்டம்மா படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “என்ன பல்லுக்காரரே, கோழிக்குப் பல்லு கட்டறீங்களாமே?”

“உங்களுக்குத்தான் கட்டணும். மனசாட்சி இல்லாதவங்களுக்கு அதையும் செட்டாப் பண்ண முடியுமான்னு பாக்கறேன்.”

மாடி வீட்டம்மா விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள். சமையலறையில் நின்றவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. இந்த மனிதருக்கு இப்படிச் சுருக்கென்று பேச வரும் என்பதே அவளுக்குச் செய்தி. அவள் மாமியார் பந்தியில் வைத்து அவளை ஏசிய நாட்களில் இந்த நாக்கு எந்த அலமாரியில் இருந்ததோ.

செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம். போன் அடித்தது. மறுமுனையில் அவர் குரல். கடைக்கு அவர் போன் செய்ததே இல்லை. மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

“என்னங்க? என்ன ஆச்சு?”

“குஞ்சு மூச்சு வாங்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது. குளுக்கோஸ் தண்ணி குடுக்கலாமா? எவ்வளவு கலக்கணும்?”

“ஒரு சிட்டிகை. அலகோட ஓரத்துல சொட்டுச் சொட்டா விடுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, மூச்சுக் குழல்ல போயிடும்.”

“நீ சீக்கிரம் வரியா?”

அந்தக் கேள்வியை அவர் இந்த ஜென்மத்தில் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கேட்டுவிட்டார், கோழிக்காக.

“எட்டு மணி ஆகும்,” என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த சின்னப் பெண் சிரித்தாள். அவள்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு வருவதாகச் சொன்னவள். “அண்ணனாக்கா? குரலே பதறுது, இங்க வரைக்கும் கேக்குது. பாசக்காரர்தான். அவரே உங்ககூட இருக்கலாமேக்கா? நான் வர மாட்டேன்னு சொல்லல. கண்ணு முழிக்கறப்ப நம்ம மனுஷர் இருந்தா அது வேறதானே?”

“அவருக்கு மருந்து வாடை ஒத்துக்காதும்மா.”

“ஒத்துக்காதுன்னு யார் சொன்னா?”

“அவரேதான்.”

“நீங்க வாங்கன்னு கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

வாடிக்கையாளர் ஒருவர் சீட்டை நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள் அலமாரிக்குப் போனாள். மருந்தை எடுக்கப் போன இடத்தில் எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றாள். கூப்பிட்டதில்லை. அதுதான் உண்மை. கேட்டு வாங்கினால் அது பிச்சைச் சோறு மாதிரி, பழைய துணி மாதிரி ஆகிவிடும்; தானாக வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அவராக ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு ‘வா, நானும் வரேன்’ என்பார் என்று காத்திருந்த காத்திருப்பில், ஒரு பிரசவமும் ஒரு ஆபரேஷனும் முடிந்துவிட்டன.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. விளக்குச் சூட்டில் மெழுகுக் கட்டு இளகிவிட்டது. கால்கள் மறுபடி விரிந்து போனதோடு, உருகிய மெழுகு வயிற்று மயிரில் வழிந்து, பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு கெட்டியாகிவிட்டது. குஞ்சால் கழிக்க முடியவில்லை. வயிறு ஊதி, கண் சொருகி, விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மெழுகு எந்தச் சூட்டில் இளகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், அதே மெழுகை விளக்குக்கு அடியில் வைத்துவிட்டார். வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வரவில்லை.

“நானே கொன்னுட்டேன்,” என்றார். குரல் உடைந்திருந்தது. “நல்லது பண்றேன்னு நானே கொன்னுட்டேன்.”

அவள் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குனிந்து கொஞ்சம் மெழுகை எடுத்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன. அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை அவள் பார்த்துப் பல நாளாகியிருந்தது. அந்த முகத்தில் இருந்த தவிப்பைப் பார்த்தபோது, இப்படித் தவிக்கத் தெரிந்த ஆள்தானா என்று வயிறு எரிந்தது. தெரியாதவர் என்று எண்ணியிருந்த வரைக்கும் மனசு ஒருவிதமாக ஆறியிருந்தது. பிறவியிலேயே வராத குணத்தை எங்கிருந்து எடுத்துத் தருவார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். இப்போது அந்தச் சமாதானமும் போயிற்று.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கலாம் என்று வந்தவள், பட்டறை பூட்டியிருப்பதைக் கண்டாள். வேலை நாளில் அந்தக் கதவு பூட்டி அவள் பார்த்ததில்லை.

“காலையிலேயே செருப்பு டப்பாவைத் தூக்கிட்டு ஓடினாரு,” என்றாள் மாடி வீட்டம்மா, துணி காயப்போட்டுக்கொண்டே. “மாட்டாஸ்பத்திரிக்காம். பஸ் ஏறிப் போயிருக்காரு. உன் புருஷனுக்கு என்ன ஆச்சு? என் வீட்டுக்காரர் என்னைப் பாத்து, பாரு, பாரு, எப்படிப்பட்ட மனுஷன்னு குத்திக் காட்டறாரு. குடுத்து வெச்சவதான் போ நீ.”

“ஆமாக்கா,” என்றாள். “ரொம்பக் குடுத்து வெச்சவ.”

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு நைட்டி, துண்டு, சீப்பு, செருப்பு. கழுத்தில் கட்டுப் போட்டிருப்பார்கள் என்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியாகத் தேடி எடுத்தாள். பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதே பழைய பிளாஸ்க், மூடியை மட்டும் மாற்றியிருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு அவர் வந்தார். சட்டை கசங்கி, முதுகு நனைந்து, முகம் மட்டும் பரீட்சையில் தேறிய பிள்ளை முகமாக இருந்தது.

“பிழைச்சுக்கிச்சு!” என்றார் வாசலிலிருந்தே. “என்ன கூட்டம்கற! ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் பூனை, நடுவுல நான். பெரிய நாய் ஒண்ணு டப்பாவையே மோந்து பாத்துக்கிட்டு நிக்குது. மடியில வெச்சு மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஆயிடுச்சு டாக்டர் கூப்பிட. அந்த அம்மா எவ்வளவு நிதானமாப் பாத்துச்சு தெரியுமா? ஒரு எண்ணெய் போட்டாங்க, மெழுகு மொத்தமும் தோலாட்டம் உரிஞ்சு வந்துடுச்சு.”

“உள்ள வரைக்கும் போனீங்களா?”

“பின்ன? நான்தானே பிடிச்சுக்கணும்? ஊசி போடறப்ப இந்தக் கையிலதான் இருந்துச்சு.”

“வாடை?”

“என்ன வாடை?”

“மருந்து வாடை.”

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். “இருந்திருக்கும். யாரு கவனிச்சா?”

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார். செட்டில் ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் புதுக் கட்டு ஒன்றைச் செய்து அரத்தால் ராவி, கூர்மை இல்லாமல் மழுக்கி, எந்தச் சூட்டிலும் இளகாது என்று விளக்கில் காட்டிச் சோதித்து, குஞ்சுக்கு மாட்டினார். விளக்கையும் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காய்ச்சலோடு நின்ற அதே நிலைப்படி.

குஞ்சு எழுந்தது. ஈறு நிறக் கட்டோடு, கிழவர்கள் பல் செட் போட்டுப் பழகுகிற மாதிரி, அடி எடுத்து வைத்துப் பார்த்தது. விழவில்லை. தீனியைக் கொத்தியது.

“அப்படித்தான் கண்ணு. அப்படித்தான்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதுகிட்ட அப்படி என்னத்தைக் கண்டீங்க?” என்றாள். குத்தலாகத்தான் கேட்டாள். அவருக்கு அது குத்தலாகப் படவில்லை.

“கத்துதே,” என்றார் சாதாரணமாக. “தொட்டிக்குள்ள கிடந்து விடாமக் கத்திச்சு. காதுல விழுந்துடுச்சு, அப்புறம் எப்படி விட்டுட்டுப் போறது? பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அடங்கிடுது. எழுந்து போனா மறுபடி கத்துது. அதுக்கு வேற யாரு இருக்கா?” பிறகு ஏதோ நல்லது சொல்கிறவராகத் திரும்பி அவளைப் பார்த்தார். “எல்லாரும் உன்னை மாதிரி இருப்பாங்களா? நீ எதுக்காவது யாரையாவது எதிர்பாத்திருக்கியா? உன்னைப் பொறுத்த வரைக்கும் எனக்கு என்னைக்கும் ஒரு கவலை கிடையாது. நாலு பேர்கிட்ட சொல்லுவேன், என் வீட்டுக்காரிக்கு ஆளே வேணாம், அவளே போய் அவளே வந்துடுவான்னு.”

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். உறவுக்காரர்களிடம் அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் தலை நிமிர்ந்திருக்கிறது. இத்தனை வருஷமாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பட்டத்தின் எடை முழுவதும் இப்போது, கட்டி இருக்கிற அதே இடத்தில், வந்து இறங்கியது. எச்சில் விழுங்கினாள். கட்டி மேலே ஏறி இறங்கியது.

இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு போய்ப் படுக்கலாம். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது எந்தக் குரலோடு வருவாளோ. அவர் அந்தக் குரலைக் கேட்டும், ‘தொண்டை கட்டியிருக்கா? மாத்திரை போட்டுக்கோ’ என்பார்.

அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். மேஜைக்கு முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல் செட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலி. அதில் அவள் உட்கார்வது இதுவே முதல் தடவை.

“என்ன?” என்றார் அவர்.

பெட்டிக்குள் குஞ்சு மறுபடி கத்த ஆரம்பித்தது. அவர் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். மெழுகும் எண்ணெயும் மணக்கிற கை. நல்ல சூடாக இருந்தது.

“அது கொஞ்ச நேரம் கத்தட்டும்,” என்றாள். சொல்ல நினைத்ததைவிடக் குரல் மெல்லியதாக, கீச்சென்று வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. “நாளைக்கு அந்தப் பொண்ணு வேணாம். நீங்க வாங்க. கேட் வரைக்கும் இல்ல, உள்ள வரைக்கும் வாங்க. வெள்ளிக்கிழமை நான் கண்ணு முழிக்கறப்ப நீங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். என் நெத்தியில கை வெச்சுப் பாக்கணும். எனக்கு வேணும்ங்க.”